கேக்குக்காரம்மா எடை குறைத்த கதை

எங்கள் தெருவில் என்னைக் கேக்குக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஆனையூரில் புது ஆள் யாராவது வந்து என் வீட்டுக்கு வழி கேட்டால், "அந்தக் குண்டா இருப்பாங்களே, கேக்குக்காரம்மா, அவங்க வீடா?" என்று என் காதுபடவே கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். நானும் மாடியில் துணி காயப்போட்டபடியே, "ஆமா, அந்தக் குண்டம்மா வீடுதான், மேல வாங்க" என்று குரல் கொடுத்திருக்கிறேன். ஒளித்துவைக்கிற உடம்பா இது? யாராவது நீங்கள் அழகாக இருக்கிறீர்கள் என்று சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். விலையைக் குறைக்கச் சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம்.

உடம்பு எப்படி வந்தது என்று தெரியாமல் இல்லை. ஓவனிலிருந்து எடுத்த கேக் எப்போதும் நடுவில் மேடுகட்டி நிற்கும். அந்த மேட்டைச் சீவி எடுத்துச் சமமாக்கிவிட்டுத்தான் மேலே க்ரீம் பூச முடியும். சீவிய துண்டு எங்கே போகும்? குப்பையில் போட மனசு வராது. வாயில் போட்டுக்கொள்வேன். கிண்ணத்தில் ஒட்டிய க்ரீமை விரலால் வழிப்பேன். சாப்பாடு என்று தட்டுப் போட்டு உட்கார்ந்து நான் நிறையச் சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை, ஆனால் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் வாய் அசைந்துகொண்டே இருக்கும்.

போதாததற்கு என் தொழிலே நாக்கில்தான் நடந்தது. மாவுக்கும் முட்டைக்கும் தராசு வைத்திருக்கிறேன். க்ரீமுக்கு மட்டும் வைத்ததில்லை. ஒருநாள் வெண்ணெயில் உப்பு தூக்கலாக இருக்கும், ஒருநாள் மாம்பழம் புளிக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சர்க்கரை போட்டால் எப்படிச் சரியாக வரும்? ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தால் எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் தம்பி எனக்கு நேர்மாறு. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தான். ஓடி ஓடி முறுக்கேறிய உடம்பு. சின்ன வயதில் சொந்தக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திவைத்து, "தம்பி பங்கையும் சேத்து அக்காகாரி தின்னுட்டாளா" என்று கேட்பார்கள். அவன் சிரிப்பான். எனக்கு அவன்மேல்தான் கோபம் வரும்.

அந்த உடம்புக்குத்தான் நோய் வந்தது. தலைவலி தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெயிலில் நிற்பதால் வருகிறது என்று நினைத்தோம், கண்ணாடி போட்டுப் பார்த்தோம். கடைசியில் ஒரு டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது என்றார்கள். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வாடிப்பட்டியில் அம்மா ஜாதகக் கட்டை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்ததும் அவனை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். வாடிப்பட்டியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ்ஸில் வந்து போகிற உடம்பு அவனுக்கு இல்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் ஓடலாம், ஆடலாம், கல்யாணம்கூடச் செய்யலாம் என்றார்கள். யார் கொடுப்பது? அப்பா இல்லை. அம்மாவுக்கு ரொம்ப நாளாகச் சுகர். மிச்சம் நான்தான். ரத்த வகை பொருந்தியது, மற்ற சோதனைகளும் பொருந்தின. எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் உடம்பு ஒரு பரீட்சையில் தேறியிருக்கிறது என்று நினைத்தேன்.

டாக்டர் எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கிட்னி நல்லாத்தான் இருக்கு. உடம்புதான் இடிக்குது. பதினஞ்சு கிலோவாவது குறைச்சுட்டு வாங்க. சுகரும் எல்லைக்கோட்டுல நிக்குது, அதுவும் இறங்கணும். இல்லன்னா உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது" என்றார். பிறகு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"கேக் போடுறேன், சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் தம்பிதான் சிரித்தான். "அக்கா, உன் கிட்னிய எனக்கு வச்சா, ஒண்ணுக்குப் போறப்ப வெனிலா வாசம் வருமா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் கையிலிருந்த ஃபைலாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களை முறைத்தார்.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற கடையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். விஷயத்தைச் சொன்னதும், "குடு. அவனும் நம்ம பிள்ளதான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். கொஞ்சமாவது தடுத்திருக்கலாம் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு எரிச்சல். அம்மாதான் தடுத்தாள். வாடிப்பட்டியிலிருந்து வந்து, என் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஒருத்தன் உசுரு ஊசலாடுது. உன்னையும் அறுக்கக் குடுத்துட்டு நான் என்னடி செய்வேன்" என்று அழுதாள். மகனைப் பார்த்தும் அழுதாள், என்னைப் பார்த்தும் அழுதாள். எந்தப் பக்கம் நின்று அழுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

கேக்கை நிறுத்திவிட்டால் எடை தானாக இறங்கும் என்று தெருவில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். நிறுத்திவிட்டு அவன் ஊசிக்கும் மருந்துக்கும் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே கேக்கும் போட வேண்டும், கேக்கைத் தின்னவும் கூடாது.

முதல் வாரம் நான் தோற்றுப்போனேன். தின்னக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சீவுவேன், திரும்பிப் பார்த்தால் துண்டு வாய்க்குள் இருக்கும். கை எப்போது போனது என்றே தெரியாது. கள்ளத்தனம் இல்லை, பழக்கம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கொரோனா சமயத்தில் வாங்கிப்போட்ட மாஸ்க் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. சமையலறைக்குள் நுழையும்போதே அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். கை தன்பாட்டுக்கு வாய்க்குப் போகும், துணியில் இடித்துத் திரும்பும். ஒரு நாளில் எத்தனை மாஸ்க்கில் க்ரீம் ஒட்டியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கேக் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "எம்புட்டுச் சுத்தமா செய்யிறாங்க பாரு" என்று மெச்சினார்கள். அதனால் இரண்டு ஆர்டர் கூடுதலாகவே வந்தது.

பசியைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டினி கிடக்கிற ஊரில் இல்லை நான். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரு கரண்டிச் சோறும் கை நிறையக் காயும், சாயங்காலம் ஒன்றுமில்லை. ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் வெந்து வருகிற வாசத்துக்கு நடுவில் நின்றுகொண்டு வெறும் வயிற்றோடு கேக்கின்மேல் க்ரீமில் பூ பிழிவது வேறு மாதிரியான பசி. எரிச்சல் தலைக்கேறும். வீட்டுக்காரர் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தால்கூடச் சண்டைக்குப் போவேன்.

அதே சமையலறையில் என் தம்பி தாகத்தோடு உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தண்ணீர் அளவு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு பாட்டிலில் பிடித்துவைத்து, மருந்து பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பான். மதுரை வெயிலில், ஓவன் பக்கத்தில். முன்னால் ஹாலில் போய்ப் படுடா என்றால் கேட்கமாட்டான். "உனக்குப் பசி, எனக்குத் தாகம். ரெண்டு பேரும் சேந்து இருந்தா யாருக்குக் கஷ்டம்னு தெரியாதுல்ல" என்பான்.

க்ரீமை ருசி பார்க்க ஆள் வேண்டுமே. வீட்டுக்காரரிடம் கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது என்பார். உப்பைக் கொட்டிக் கொடுத்தாலும் அதையேதான் சொல்வார். அதனால் தம்பியை நாக்காக வைத்துக்கொண்டேன். ஒரு நகக்கண் அளவு தொட்டு வைத்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். நான் ஒரு கரண்டி நுனியை நீட்டுவேன். அவன் நாக்கில் வைத்து, கண்ணை மூடி, விளையாட்டுப் போட்டியில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி விரலைத் தூக்குவான். "சீனி பத்தல." "வெனிலா தூக்கலா இருக்கு." "இது கரெக்ட்டு." ஆரம்பத்தில் அவன் சொன்னதெல்லாம் அப்படியே சரியாக இருந்தது. என் நாக்கும் அவன் நாக்கும் ஒரே சமையலில் வளர்ந்தவைதானே.

எடை இறங்கத் தொடங்கியது. முதலில் முகம், பிறகு கை. ரவிக்கையை எல்லாம் தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். முன்பெல்லாம் வயிறு இடித்துப் பெட்டி முழங்கால் விளிம்பில் நிற்கும், இப்போது மடியில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் தம்பியைக் கூப்பிட்டு எடை மெஷினைக் காட்டுவேன். "கிட்ட வந்துட்டியேக்கா" என்பான். நான் சமையலறையில் நின்றுகொண்டே அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தேன். இரண்டு இடம்கூட மனதில் வைத்திருந்தேன்.

சித்திரை கழிந்து ஒருநாள் போன் வந்தது. காஜிமார் தெருப் பக்கம் கைலிக் கடை வைத்திருக்கிறவர்கள், பேரனுக்கு வருஷா வருஷம் என்னிடம்தான் கேக் வாங்குவார்கள். அந்த வீட்டுப் பெரியம்மாதான் பேசினார். நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுவோம். "ஏம்மா, இந்தத் தடவை என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? பிள்ளைங்ககூட வாயில வைக்கல. ஒரே இனிப்பு" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வயிறு காய்ந்துகொண்டிருந்தால் எனக்கு மரியாதை தெரியாது. "என் கேக்குல இனிப்பு கூடன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. "அப்ப ஒரு எட்டு வந்து நீயே ருசி பாத்துட்டுப் போம்மா" என்றார்.

போனேன். தப்பு அவர் மேல்தான் என்று நிரூபிக்கத்தான் போனேன். குளிர்பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். சமையலறையிலிருந்து அப்படியே போட்டுக்கொண்டு வந்திருந்த மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒரு விள்ளல் வாயில் போட்டேன். நாக்கு கூசியது. க்ரீம் முழுக்கச் சர்க்கரை, பல்லில் நறநறத்தது. நான் கொஞ்ச நாளாக இனிப்பே தொடாததால் அப்படித் தெரிகிறதோ என்று இன்னொரு விள்ளல் வைத்துப் பார்த்தேன். இல்லை. யாராலும் தின்ன முடியாத இனிப்பு.

அந்த க்ரீமுக்குத் தம்பி மூன்று தடவை "இன்னும் சீனி பத்தல" என்று சொன்னது ஞாபகம் வந்தது. நானும் அள்ளி அள்ளிப் போட்டிருந்தேன். பாயம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு கேக் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். கீழே வண்டியோடு நின்ற வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். நேராக வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் கரண்டி நுனியில் சும்மா சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு அவனிடம் நீட்டினேன். "எப்படிடா இருக்கு?"

கண்ணை மூடினான், விரலைத் தூக்கினான். பிறகு விரலை இறக்கிவிட்டான். "தெரியலக்கா" என்றான். "கொஞ்ச நாளாவே எல்லாம் இரும்ப நக்குற மாதிரி இருக்கு. சோறு, சீனி எல்லாம் ஒண்ணுதான்."

"பெறகு ஏன்டா சொன்ன? சீனி பத்தலன்னு ஏன் சொன்ன?"

"நீ கரண்டிய நீட்டுற. இந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வேலதான்."

மிச்சத்தையும் அன்றைக்குத்தான் சொன்னான். டயாலிசிஸ் மெஷினில் அவன் முழு நேரமும் படுத்திருப்பதில்லையாம். கடைசி ஒரு மணி நேரம் காலைப் பிடித்து முறுக்கி இழுக்கும், வலி தாங்காது. எடுத்துவிடச் சொல்லுவானாம். சொன்னால் கேட்காத ஆள் என்பதால் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டுவிடுவார்களாம். பிறகு என் வீட்டுக்காரர் வண்டியோடு வருகிறவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பானாம். முழுசாகச் சுத்தமாகாத ரத்தம்தான் அவன் நாக்கைக் கெடுத்திருந்தது. நான் அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அந்தக் கையைப் பார்த்தேன், ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகப் புடைத்த அவன் கையையும் பார்த்தேன். அடிக்க முடியவில்லை. கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன்.

மறுநாள் இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நீர் கோத்துக் கோத்து இதயம் தளர்ந்திருந்தது. "இந்த நெஞ்சு ஆபரேஷனைத் தாங்காது. இனிமேலாவது ஒழுங்கா டயாலிசிஸ் பண்ணட்டும். தேறினா பாக்கலாம்" என்றார். என்னையும் எடை மெஷினில் ஏறச் சொன்னார். ஏறினேன். அவர் சொன்ன எடைக்கு வந்திருந்தேன். சுகரும் இறங்கியிருந்தது. "நீங்க ரெடிம்மா" என்றார். அந்த வார்த்தைக்காக எத்தனை மாதம் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அது காதில் விழுந்தபோது எனக்கு மெஷினிலிருந்து இறங்கத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் கையைப் பிடித்து இறக்கினாள்.

அதற்குப் பிறகு நானே கூடப் போய், அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலிக்கும்போது கத்துவான். என்னையும் திட்டுவான். நானும் விடமாட்டேன். கொஞ்சம் தேறினமாதிரிதான் இருந்தது. நாக்கில்கூட லேசாக உப்பு தெரிகிறது என்றான். நானும் எடையை ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்தேன். எந்த நேரம் கூப்பிட்டாலும் போய்ப் படுக்க உடம்பு தயாராக இருக்க வேண்டுமே என்று.

ஐப்பசி மழையில் ஒரு காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டான். ஒரு கை மட்டும் சட்டைக்குள் நுழைந்திருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். வீட்டுக்காரர் கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய கேக் மேசையில் பாதி பூசியபடி இருந்தது. அதை யார் எடுத்தார்கள், என்ன செய்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவேயில்லை.

அவனை வாடிப்பட்டிக்குக் கொண்டுபோனோம். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "தம்பி கவலையில எப்படி எளைச்சுப்போயிட்டா பாரு" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தாள். எனக்கு அவன்மேல் ஆங்காரமாக இருந்தது. நான் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்து முடித்தேன், அவன் மட்டும் செய்யவில்லை என்று பிணத்தோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் சில நாள் போடுகிறேன். அவன் காலை இழுத்த வலி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, அது தெரியாமல் பேசுகிறேன் என்பதும் தெரியும். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன். க்ரீமுக்கும் தராசு வாங்கிவிட்டேன். இறங்கின எடை திரும்ப ஏறவில்லை. கட்டுப்பாடெல்லாம் கிடையாது, சாப்பிடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் என்ன டயட் என்று கேட்பார்கள். நடக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

போன மாதம் பாயம்மா வீட்டுக்குப் பேரன் பிறந்தநாளுக்கு ஆர்டர் பேசப் போயிருந்தேன். உட்காரவைத்து டீ கொண்டுவந்தார். சர்க்கரை டப்பாவைத் திறக்கப்போனவரிடம் வேண்டாம் என்றேன்.

"ஏம்மா, சுகர் வந்துருச்சா?"

"இல்லம்மா. எடை குறைக்கிறதுக்காக நிறுத்துனது."

"நானும் கேக்கணும்னு இருந்தேன். பாதியா ஆயிட்ட. தொழிலே இனிப்பு, அத வச்சுக்கிட்டு எப்படிம்மா இம்புட்டு வைராக்கியம்?"

நடக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவிடம் பொய் வரவில்லை. "என் தம்பிக்குக் கிட்னி குடுக்குறதுக்காகக் குறைச்சேம்மா" என்றேன்.

அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லா. குடுத்துட்டியாம்மா?"

"இல்ல. நான் குறைச்சு முடிச்சேன். அவனுக்கு நெஞ்சு தாங்காதுன்னு தள்ளிப்போட்டாங்க. அதுக்குள்ள போயிட்டான்."

அவர் உதட்டுக்குள் ஏதோ துஆ ஓதினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் என் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார். பிறகு, பெற்ற மகளுக்குச் செய்வதுபோல, டப்பாவைத் திறந்து ஒரு கரண்டிச் சர்க்கரையை என் டீயில் போட்டுக் கலக்கினார்.

"இனிமே யாருக்காக இப்படிக் கெடக்குற? இனிமே சாப்புடலாம்லம்மா" என்றார்.

"சாப்பிடலாம்மா" என்றேன்.